உங்களுக்கு ஏற்ற க்ரூஸ் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

"3 இரவு, 4 பகல், சிங்கப்பூர் க்ரூஸ், ஒருவருக்கு இவ்வளவுதான்" என்று வரும் விளம்பரத்தில் கப்பலின் படமும் விலையும் பளிச்சென்று இருக்கும். அந்தக் கப்பல் எந்த ஊரில் எத்தனை மணி நேரம் நிற்கும், அந்த விலையில் எதெல்லாம் சேராது, அறையில் நான்காவது ஆள் எங்கே படுப்பார் என்பதெல்லாம் இருக்காது. க்ரூஸ் போய்வந்தவர்கள் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைப் பற்றித்தான்.

பலரும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து கப்பலை, கடைசியில்தான் விசாவை. இந்த வரிசையை மாற்ற வேண்டும். யார் வருகிறார்கள், எந்த மாதம், எந்தத் துறைமுகம், எந்தப் பாதை, எந்தக் கப்பல், எந்த அறை என்று போய், அதன்பிறகு விலைக்கும் விசாவுக்கும் வாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புபவர்களை மனதில் வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கப்பலுக்காகவா, ஊருக்காகவா?

இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கப்பலுக்காகப் போவது என்றால் நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு, மாலை நிகழ்ச்சிகள், விதவிதமான சாப்பாடு. ஊர் எதுவானாலும் பரவாயில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 3, 4 இரவுப் பயணங்கள் முக்கால்வாசி இந்த வகைதான். 2026இல் அங்கே வந்த டிஸ்னி அட்வென்சர் வேறெந்த ஊரிலும் நிற்காமல் கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பும் திட்டத்தோடு வந்தது. அதில் ஏறிவிட்டு "ஒரு ஊரைக்கூடக் காட்டவில்லையே" என்று குறைப்பட்டுப் பயனில்லை.

ஊருக்காகப் போவது என்றால் கப்பல் ஒரு நகரும் ஓட்டல், அவ்வளவுதான். அலாஸ்கா, மத்தியதரைக் கடல், நைல் நதி எல்லாம் இந்த வகை. இங்கே புத்தம்புதுக் கப்பலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். காலை ஏழு மணிக்கு இறங்கி மாலை ஐந்துக்கு ஏறுபவருக்கு மேல்தளத்துக் கேளிக்கைகளால் என்ன ஆகப்போகிறது?

படி 2: கூட வருபவர்களை ஒவ்வொருவராக எழுதுங்கள்

பெயர், வயது, உடல்நிலை, சாப்பாடு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதினாலே பல கப்பல்கள் தானாகக் கழிந்துவிடும்.

கைக்குழந்தை: பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாள் தொடர்ந்து கடலிலேயே போகும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். குழந்தைகள் மன்றத்தில் (கிட்ஸ் கிளப்) பொதுவாக 3 வயதுக்கு மேல், டயப்பர் பழக்கம் விட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். டயப்பர் போட்ட குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். அதற்கென்று தனி நீர் விளையாட்டு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையோடு போகும் பெற்றோர் "கிட்ஸ் கிளப் இருக்கிறது" என்ற வரியை நம்பிப் பணம் கட்டிவிட்டு ஏமாறுவது இதனால்தான்.

கர்ப்பிணிகள்: பயணம் முடியும் நாளில் 24 வாரத்தை எட்டிவிடும் என்றால் பொதுவாக ஏற்றமாட்டார்கள். முன்பதிவு செய்யும் நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதியவர்கள்: சக்கர நாற்காலி என்றால் அகலக் கதவும், படியில்லாத குளியலறையும் கொண்ட தனி வகை அறை வேண்டும். ஒரு கப்பலில் இவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும், முதலில் தீர்வதும் இவைதான். சாதாரண அறையின் கதவு நம் வீட்டுக் கதவைவிடக் குறுகல். நாற்காலியின் அகலத்தை அளந்து, அறைக் கதவின் அகலத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: சில ஊர்களில் கப்பல் கரையோடு அணையாது. கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஆடும் படகில் கால் வைத்து ஏற முடியாதவர்களுக்கு அந்த ஊர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: சென்னை, மும்பையிலிருந்து ஓடும் கோர்டீலியா நிறுவனத்தின் கப்பலில் இந்திய உணவுக்கும் ஜெயின் உணவுக்கும் குறைவில்லை. சிங்கப்பூரின் ஜென்டிங் ட்ரீம் கப்பலிலும் இந்திய சைவம் உண்டு. மேற்கத்திய நிறுவனங்களின் கப்பல்களில் பஃபேயில் ஒரு குழம்பு, ஒரு பருப்பு, சோறு, நான் என்று ஒரு மூலை இருக்கும். முதல் இரண்டு நாள் சரி, ஐந்தாம் நாள் அலுத்துவிடும். அங்கே 'வெஜிடேரியன்' என்ற அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். முட்டை அதில் சாதாரணம். தென்கிழக்காசியச் சமையலில் மீன் சாஸும் இறால் விழுதும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். முன்பதிவின்போதே சிறப்பு உணவு என்று பதிய வையுங்கள். முதல் நாள் இரவு பெரிய உணவகத்தின் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து, முட்டை, மீன் எதுவும் கூடாது என்று சொல்லுங்கள். பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, உங்களுக்குத் தனியாகச் செய்துதருவார்கள். பஃபேயில் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த வசதி கிடைக்காமலே போகிறது.

படி 3: மாதத்தையும் கடலையும் பொருத்துங்கள்

விடுமுறை நமக்குத் தோதான நாளில் வரும், கடல் அதன் பருவப்படிதான் அடங்கும்.

*சென்னையிலிருந்து.* தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் கோர்டீலியாவின் எம்ப்ரஸ் கப்பல் பெரும்பாலும் கிழக்குக் கரைக்கு வந்தது. இலங்கையில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் நிறுத்தங்கள். திருகோணமலையில் கோணேசர் கோயில் துறைமுகத்துக்கு அருகிலேயே. காங்கேசன்துறையிலிருந்து நல்லூர் சுமார் 18 கி.மீ. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தப் பருவத்துக்கு அறிவித்த தேதிகளை மட்டும் நம்புங்கள். எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் சுற்றித் திரும்பும் 2 இரவுப் பயணமும் இதே பட்டியலில் கலந்திருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் நிறுத்தங்களைப் பாருங்கள். விமானச் செலவும் இல்லை, விசா அலைச்சலும் குறைவு என்பதால், கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

*சிங்கப்பூரிலிருந்து.* ஆண்டு முழுக்கக் கப்பல் உண்டு. மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, போர்ட் கிளாங் போகும் பாதையில் அலை குறைவு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் பக்கம், அதாவது வியட்நாம் போகும் பாதையில், ஆட்டம் கூடும். மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கம் அலை எழும். பெரிய கப்பல்கள் பல அங்கே பட்டாங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு டெண்டரில் இறக்குவதால், அலை கூடினால் புக்கெட்டையே விட்டுவிட்டுப் போகவும் வாய்ப்புண்டு.

நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெரிய விடுமுறைகள் ஜூனிலும் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையிலும் வருகின்றன. கட்டணம் ஏறுவதும் அப்போதுதான். நம் பிள்ளைகளின் ஏப்ரல், மே விடுமுறையில் அங்கே பள்ளி நடக்கும். வார நடுவில் கிளம்பும் பயணமாகப் பார்த்தால் விலையும் இறங்கும், நீர்ச்சறுக்கில் வரிசையும் குறையும்.

*மத்தியதரைக் கடல்.* மே மாதமும், செப்டம்பர் பாதி முதல் அக்டோபர் வரையும் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். அந்த இரண்டு மாதங்களில் ரோமையும் ஏதென்ஸையும் பெரியவர்களோடு நடந்து பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

*அலாஸ்கா.* பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. வான்கூவர் அல்லது சியாட்டிலில் ஏறலாம். வான்கூவரிலிருந்து போகும் கப்பல்கள் தீவுகளுக்கு இடையிலான அமைதியான உள்வழியில் அதிக தூரம் போகும். சியாட்டில் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு வெளியே திறந்த கடலில் போவதால் ஆட்டம் சற்றுக் கூடுதல். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 2 பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. எனவே எல்லா அலாஸ்காப் பயணத்திலும் அது இருக்காது. பயணத்திட்டத்தில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

*கரீபியன்.* சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பயணம் ரத்தாவதைவிடப் பாதை மாறுவதே அதிகம்.

*ஆறுகள்.* கடல் என்றாலே தலைசுற்றும் என்பவர்களுக்கு இதுதான் விடை. ரைன் நதிக் கப்பல்கள் பெரும்பாலும் 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலத்துக்கு மேல் போவதில்லை. பயணிகளும் பெரும்பாலும் 200 பேருக்குள்தான். கப்பல் ஊரின் நடுவிலேயே நிற்கும், இறங்கினால் கடைவீதி. கோடைக் கடைசியில் நீர்மட்டம் இறங்கினால் சில கட்டங்களைப் பேருந்தில் கடக்க நேரும். நைலில் லக்சர், அஸ்வான் இடையே 3 அல்லது 4 இரவு, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இதமான காலம். அங்கே படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிறுத்தப்படும். ஆற்றைப் பார்க்கும் ஜன்னல் என்று பணம் கொடுத்துவிட்டு, துறையில் நிற்கும் இரவெல்லாம் பக்கத்துப் படகின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நம் நாட்டில் 2023 ஜனவரி 13 அன்று தொடங்கிய கங்கா விலாஸ் வாரணாசியிலிருந்து திப்ருகர் வரை 51 நாளில் சுமார் 3,200 கி.மீ. போகும் திட்டம், 36 பேருக்கு மட்டும் இடம். அவ்வளவு நாளும் பணமும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

படி 4: பயணத்திட்டத்தை மணி நேரமாகப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் எதைத் தாண்டினாலும் இதைத் தாண்டாதீர்கள்.

பயணத்திட்டத்தில் ஊர்ப் பெயரும், வரும் நேரமும் போகும் நேரமும் இருக்கும். அந்த ஊர்ப் பெயர் பல நேரம் துறைமுகத்தின் பெயராக இருக்காது. "ரோம்" என்றால் சிவிடவெக்கியா, சுமார் 80 கி.மீ. தள்ளி. "பாரிஸ்" என்றால் லெ ஹாவ்ர், சுமார் 200 கி.மீ. "புளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ, 90 கி.மீ. "பாங்காக்" என்றால் லாம் சபாங், 120 கி.மீ.க்கு மேல். "வெனிஸ்" இன்னும் சுவாரசியம்: 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் நகரத்தின் நடுக் கால்வாயில் போக இத்தாலி தடைவிதித்துவிட்டது. இப்போது மார்கேரா தொழிற்துறைமுகத்திலோ, தொலைவில் ரவென்னா, திரியஸ்தே போன்ற ஊர்களிலோ நிறுத்துகிறார்கள்.

"ரோம், காலை 7.00 முதல் மாலை 6.00" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் 11 மணி நேரம். கப்பல் 7 மணிக்கு அணைந்தாலும் அதிகாரிகள் அனுமதி கொடுத்து நீங்கள் இறங்க 7.45 ஆகும். துறைமுக வாசலுக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில் நிலையம், டிக்கெட் என்று 8.30. ரோமில் கால் வைக்க 9.45. திரும்பும்போது, கடைசி ஏறும் நேரம் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். அதாவது மாலை 5.00 அல்லது 5.30. ரயில் தாமதத்துக்கும் கொஞ்சம் விட்டுவைத்தால் 3 மணி வாக்கில் ரோமைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கையில் மிஞ்சுவது சுமார் 5 மணி நேரம். கொலோசியமும் வத்திக்கானும் இரண்டுமே பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், வாசலைத்தான் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் இதே கணக்கைப் போட்டு, நிஜமாகக் கிடைக்கும் நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். 4 மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த ஊரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாறாக, பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில், வாழை இலைச் சாப்பாடு. அங்கே 6 மணி நேரம் என்றால் 6 மணி நேரம்தான்.

சான்டோரினி போன்ற டெண்டர் ஊர்களில் இன்னொரு வரிசை உண்டு. படகுக்கு ஒன்று, கரையில் இறங்கியதும் மேலே போகும் கம்பி வண்டிக்கு (கேபிள் கார்) ஒன்று. அதே நாளில் நாலைந்து கப்பல் வந்துவிட்டால் கீழே இறங்கும் வரிசையே ஒரு மணி நேரம் தாண்டும். எந்தத் துறைமுகத்தில் எந்த நாளில் எத்தனை கப்பல் என்ற அட்டவணையைப் பல துறைமுகங்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

கரைச் சுற்றுலாவைக் கப்பலிடமே வாங்கினால் விலை கூடுதல், ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் விமானம் பிடிக்க வேண்டும், அந்த நாட்டு விசாவும் இருக்க வேண்டும். துறைமுகத்திலிருந்து ஊர் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கப்பலின் சுற்றுலா, நடக்கும் தூரம் என்றால் சொந்த ஏற்பாடு. இது போதும். கடிகாரத்தை மட்டும் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள், செல்போன் கரையின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும்.

படி 5: கப்பலின் அளவும் நெரிசலும்

கப்பல் பெரிதாக இருந்தால் நெரிசல் அதிகம் என்பது பாதி உண்மை. கப்பலின் மொத்த டன்னேஜை (அது எடையல்ல, உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் எண்), அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 150,695 டன்னேஜ் கொண்ட ஜென்டிங் ட்ரீமில் 3,352 பேர் என்றால் 45. ஐகான் ஆஃப் த சீஸ் 248,663 டன்னேஜ், 5,610 பேர், கிட்டத்தட்ட 44. 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்று கடலில் இறங்கிய நம் எம்ப்ரஸ் 48,563 டன்னேஜ், சுமார் 1,600 பேர், 30. கிட்டத்தட்ட அதே டன்னேஜுள்ள, வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் 930 பேர்தான், 50க்கு மேல். 30 என்றால் பஃபேயிலும் லிஃப்ட்டிலும் முட்டிக்கொள்ள வேண்டிவரும். 45 தாராளம். பள்ளி விடுமுறையில் ஓர் அறையில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள் என்பதால் இந்த எண் இன்னும் இறங்கும்.

வைக்கிங்கில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை, சூதாட்டக் கூடமும் இல்லை. அமைதி தேடும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு அது பொருந்தும். பேரப்பிள்ளைகளோடு போகும் கூட்டுக்குடும்பத்துக்குப் பெரிய கப்பல்தான் சரி. மூன்று தலைமுறைக்கும் பொழுதுபோக வேண்டும் அல்லவா.

கடல் ஒவ்வாமை, அதாவது கப்பல் ஆட்டத்தில் தலைசுற்றலும் வாந்தியும், உள்ளவர்களுக்குப் பெரிய கப்பல் நல்லது. கப்பலின் பக்கவாட்டு ஆட்டத்தைத் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பெருமளவு அடக்கிவிடும். முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டத்தை அவை அடக்காது. மாத்திரையை வாந்தி வந்தபிறகு போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், குறிப்பாகக் கண் அழுத்த நோயோ (கிளாக்கோமா) புராஸ்டேட் தொந்தரவோ இருந்தால்.

படி 6: அறை

ஜன்னல் இல்லாத உள்ளறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் அறை, பால்கனி, சூட் என்று நான்கு வகை. உள்ளறை பெரும்பாலும் 140 முதல் 170 சதுர அடி.

3 இரவு சிங்கப்பூர்ப் பயணத்துக்கு உள்ளறை போதும். படுக்கத்தான் வருவீர்கள். இருட்டில் காலை எது இரவு எது என்று தெரியாமல் போகும் என்பது ஒரு குறை. அலாஸ்கா, நார்வே என்றால் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. பனிப்பாறை உங்கள் அறை வாசலில் வந்து நிற்கும். குறுகிய இடத்தில் மூச்சுமுட்டும் என்பவர்கள் எந்தப் பயணமானாலும் உள்ளறையை எடுக்க வேண்டாம்.

நான்கு பேர் ஓர் அறையில் என்றால் மூன்றாவது, நான்காவது படுக்கை சோபாவாகவோ கூரையிலிருந்து இறங்கும் ஏணிப் படுக்கையாகவோ இருக்கும். தாத்தா பாட்டிக்கு அது ஆகாது. நால்வருக்கு ஒரு பால்கனி அறையின் விலையையும், எதிரெதிரான இரண்டு உள்ளறைகளின் விலையையும் ஒப்பிடுங்கள். இரண்டு உள்ளறை பல நேரம் சற்றுத்தான் கூடும், சில நேரம் குறையவும் செய்யும். முக்கியமாக, குளியலறை இரண்டு. காலை எட்டு மணிக்குக் கரையில் இறங்க வேண்டிய குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும்.

அறை எண்ணை உறுதி செய்யும் முன் கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து மூன்று தளங்களைப் பாருங்கள்: உங்கள் தளம், அதற்கு மேல், அதற்குக் கீழ். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடிகாலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே அரங்கமோ நடனக்கூடமோ என்றால் நள்ளிரவு வரை அதிரும். முன்பக்கத்துக் கீழ்த்தளம் என்றால் நங்கூரச் சங்கிலி எழுப்பிவிடும். மேலும் கீழும் அறைகளே உள்ள, கப்பலின் நடுப்பகுதி, நடுத்தளம்தான் நல்ல இடம். ஆட்டமும் அங்கேதான் குறைவு. வரைபடத்தில் அறைகளுக்கு வெளியே உயிர்காப்புப் படகுகள் வரைந்திருந்தால் ஜன்னலில் கடலுக்குப் பதில் படகின் கூரை தெரியும். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவுக் குறி இருந்தால் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். சொந்தக்காரர்கள் என்றால் வசதி, இல்லையென்றால் தொல்லை.

"கேரண்டி" அறை என்று மலிவாக ஒன்று விற்பார்கள். வகை மட்டும் உறுதி, எண்ணை அவர்களே பிறகு ஒதுக்குவார்கள். இருவர் மட்டும் போனால் எடுக்கலாம். இரண்டு அறை பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்பவர்களும், கடல் ஒவ்வாமை உள்ளவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

படி 7: முழுச் செலவு

விளம்பர விலை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கு. தனியாகப் போனால் பெரும்பாலும் இருவர் கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் இவற்றைச் சேருங்கள்:

துறைமுக வரி. பலர் விளம்பரத்தில் இதைக் காட்டுவதில்லை.

டிப்ஸ். பெரிய நிறுவனங்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை, பெரும்பாலும் குழந்தைக்கும் சேர்த்து. 18 டாலர் என்று வைத்தால் நால்வர், 3 இரவுக்கு 216 டாலர். மலிவுப் பயணத்தில் இதுவே பெரிய தொகை.

பானங்கள். பஃபேயில் தண்ணீர், டீ, காபி இலவசம். புட்டித் தண்ணீர், குளிர்பானம், பழச்சாறு, மது எல்லாம் காசு, ஒவ்வொரு ரசீதிலும் 18 சதவீதம் போலச் சேவைக் கட்டணம் வேறு. மது பேக்கேஜ் வாங்கினால் அதே அறையிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கணவர் மட்டும் குடிப்பார், மனைவிக்குப் பழக்கமில்லை என்றால் பேக்கேஜ் நட்டம், தனித்தனியாக வாங்குவதே மேல்.

இணையம். கப்பலின் வைஃபை தனி விலை. அதைவிட ஆபத்து, கடலுக்குள் போனதும் செல்போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொள்வது. திரும்பி வந்தபின் பில் வரும். ஏறியதுமே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் போடுங்கள்.

கார்டு. கப்பல் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீர்கள். முன்பணமாகப் பிடித்துவைக்கும் தொகை விடுபடப் பல நாள் ஆகும், அதுவரை உங்கள் வங்கிப் பணம் முடங்கும். கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு ஏஜெண்ட் பிடிக்கும் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி), வருமான வரிக் கணக்கில் ஈடாகும். சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தனையும் கூட்டி, விமானம், முந்தின இரவு ஓட்டல், கரைச் சுற்றுலாவையும் சேர்த்து, பயண நாட்களால் வகுத்தால் வருவதுதான் உண்மையான தினச் செலவு. விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்த கப்பல் இந்தக் கணக்கில் பல நேரம் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடும்.

படி 8: விசா

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவோ தாய்லாந்தோ போய்விட்டு, மறுபடி சிங்கப்பூருக்கே வருகிறீர்கள். ஆக இரண்டு முறை நுழைவு. பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் விமானத்தில் வரும்போது ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது ஒரு முறை நிரப்ப வேண்டும். கப்பலைவிட்டு இறங்காவிட்டாலும், நிற்கும் நாட்டின் விசா இல்லையென்றால் சில நிறுவனங்கள் ஏற்றவே மாட்டா.

ஐரோப்பாவில் துருக்கியின் குஷாதசி போன்ற ஒரு நிறுத்தம் இருந்தாலே ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைக்கு வெளியே போய்த் திரும்புகிறீர்கள். பலமுறை நுழைவு கட்டாயம். அலாஸ்காவுக்குச் சியாட்டிலில் ஏறினாலும் அமெரிக்க விசா மட்டும் போதாது. 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடியேந்திய கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். அதனால் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும், பெரும்பாலும் மாலையில் சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்துக்காகக் கனடா விசாவும் எடுத்தாக வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒரு முறை பாருங்கள். பாஸ்போர்ட், பயணம் முடிந்தபின்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

படி 9: பணம் கட்டும் முன்

கடைசி நேரத் தள்ளுபடி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்குத்தான். விசா வாங்கி விமானம் ஏற வேண்டிய நமக்கு, தள்ளுபடியில் மிச்சமானது விமான டிக்கெட்டில் போய்விடும்.

ஏஜெண்டிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள்: அறை எண், வகை, துறைமுக வரி சேர்ந்ததா, டிப்ஸ் சேர்ந்ததா, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். சிங்கப்பூரில் மரினா பே, ஹார்பர்ஃப்ரண்ட் என இரண்டு பயணிகள் முனையங்கள் உண்டு. எது என்பதும் அதில் இருக்கட்டும். வானிலையால் ஓர் ஊரைக் கப்பல் தவிர்த்தால் பொதுவாகத் துறைமுக வரி மட்டும்தான் திரும்பும், கட்டணம் திரும்பாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

பயணக் காப்பீடு என்றால் க்ரூஸுக்கும் பொருந்துகிறதா, கப்பலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். கப்பல் மருத்துவரின் கட்டணம் தனியார் மருத்துவமனையைத் தோற்கடிக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் குறிப்பிடுங்கள், மறைத்தால் காப்பீட்டுத் தொகை கிடைக்காது.

பெட்டியில் இஸ்திரிப்பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர் வைக்காதீர்கள், ஏறும்போதே எடுத்துவைத்துக்கொள்வார்கள். வீட்டில் சமைத்த உணவுக்கும் பெரும்பாலும் அனுமதியில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் தின்பண்டம் போகும். முனையத்தில் கொடுக்கும் பெரிய பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, நீச்சல் உடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

விமானத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துப் போடாதீர்கள். கப்பல் ஏறும் நாளுக்கு முந்தின நாளே அந்த ஊரில் போய் இறங்கிவிடுங்கள். சென்னையில் காலை விமானம் தாமதமானால் மாலைக் கப்பல் போய்விடும், பணமும் திரும்பாது. திரும்பும் நாளில் கப்பல் காலை 7 மணிக்கு அணைந்தாலும் பெட்டி, குடிநுழைவு எல்லாம் முடிந்து வெளியே வர 10 மணி ஆகலாம். பிற்பகல் 1 மணிக்கு முன் கிளம்பும் விமானம் வேண்டாம். மாலை விமானம் என்றால் இன்னும் நல்லது.